டி டிரைவில் இருந்த இளையராஜா

எங்கள் குடும்பத்தில் நான்தான் கம்ப்யூட்டர் தெரிந்தவன். மச்சினர் வீட்டு பிரிண்டர் ஒருநாள் மக்கர் பண்ணியபோது ஸ்விட்சை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன், ஓடியது. அதில் வந்த பெயர் இது. அதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இத்தனை வருஷமாக எந்த வீட்டுக்குப் போனாலும் பிரிண்டர் இருக்கிற அறைப்பக்கம் போவதில்லை.

ஆகவே புது லேப்டாப் வாங்கிய கடையில், "பழைய சிஸ்டத்துல இருக்கறதெல்லாம் இதுல ஏத்தித் தரணுமா சார்? ஐந்நூறு ஆகும்" என்று பையன் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வேண்டியது பாட்டு மட்டும். காப்பி, பேஸ்ட். அதற்கு ஐந்நூறா? "தம்பி, நான் கம்ப்யூட்டர் பழகினப்போ நீ பொறந்திருக்கவே மாட்ட" என்றேன். அது உண்மைதான். பழகியதோடு நிறுத்திக்கொண்டேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

சொத்து விவரம் சொல்லிவிடுகிறேன். சுமார் நாற்பது ஜிபி பாட்டு. எம்பி3யில் 128 கேபிபிஎஸ் என்ற கணக்குக்கு, ஒரு நிமிஷத்துப் பாட்டு ஏறக்குறைய ஒரு எம்பி பிடிக்கும். அப்படியானால் சாப்பாடு தூக்கம் இல்லாமல் கேட்டால் நாலு வாரம் ஓடும். ஆடியோ சிடிகளிலிருந்து நானே உருவியது கொஞ்சம், ஒரே சிடியில் நூற்றைம்பது பாட்டு என்று பிளாட்பாரத்தில் விற்றது கொஞ்சம், நண்பர்களின் ஹார்டு டிஸ்க்கிலிருந்து வந்தது மீதி. அதாவது, மீதி எல்லாமே.

பழைய கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பில் 'ஸாங்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் உண்டு. அதைப் பிடித்து பென் டிரைவில் போட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது. "இப்பல்லாம் பென் டிரைவ் என்ன ஸ்பீடு பாத்தியா?" என்றேன் மனைவியிடம். அவள் பேப்பரிலிருந்து தலை தூக்காமல், "முப்பத்திரண்டு ஜிபி பென் டிரைவ்ல நாப்பது ஜிபி எப்படிங்க போச்சு?" என்று கேட்டாள். கணக்கு டீச்சரைக் கல்யாணம் செய்துகொள்வதில் இப்படி ஒரு சங்கடம் இருக்கிறது.

புது லேப்டாப்பில் செருகிப் பார்த்தால் ஃபோல்டர் படம் வந்தது. ஓரத்தில் குட்டியாக ஓர் அம்புக்குறி. அளவு, 1 கேபி. அது ஃபோல்டரே இல்லை. ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று கைகாட்டும் ஷார்ட்கட். பாட்டை விட்டுவிட்டு, பாட்டு இருக்கும் திசையை மட்டும் எடுத்து வந்திருக்கிறேன்.

சரி என்று எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கினேன். (அந்தப் பையன் கேட்டதைவிட எத்தனை மடங்கு விலை என்பதை வீட்டில் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.) இந்த முறை நிஜ ஃபோல்டரைத் தேடிப் பிடித்து காப்பி போட்டேன். பாதி வழியில் 'பாதை ரொம்ப நீளம்' என்று விண்டோஸ் நின்றுவிட்டது. டிரைவ் எழுத்தில் தொடங்கி ஃபைல் பெயர் வரை மொத்தம் 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்று விண்டோஸில் ஒரு பழைய விதி உண்டு. நான் 'பேக்கப்' என்று ஒரு ஃபோல்டர் வைத்து, அதற்குள் 'பழைய பேக்கப்', அதற்குள் 'பேக்கப் புதுசு', அதற்குள் 'இதுதான் கரெக்ட்' என்று வைத்திருந்தேன். கடைசி ஃபோல்டருக்குள் என்ன இருந்தது என்றா கேட்கிறீர்கள்? மறுபடி ஒரு 'ஸாங்ஸ்'.

இங்கேதான் எனக்கு மூளை வேலை செய்தது. ஃபோல்டர்தானே பிரச்சினை? எல்லாப் பாட்டையும் வெளியே எடுத்து ஒரே ஃபோல்டரில் கொட்டிவிட்டால் பாதையும் குறையும், வீடும் சுத்தமாகும். கொட்டினேன். 'இதே பெயரில் ஃபைல் இருக்கிறது, மாற்றிவிடவா?' என்று விண்டோஸ் கேட்டது. மாற்று. திரும்பவும் கேட்டது. மாற்று. பொறுமை போய், 'எல்லாவற்றுக்கும் இப்படியே செய்' என்பதில் டிக் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போனேன்.

ஆடியோ சிடியில் பொதுவாகப் பாட்டின் பெயர் எழுதப்பட்டிருக்காது. கம்ப்யூட்டர் இன்டர்நெட்டில் விசாரித்துத்தான் பெயர் போடும். நான் சிடி உருவிய காலத்தில் எங்கள் வீட்டில் நெட் கிடையாது. அதனால் ஒவ்வொரு சிடியிலும் முதல் பாட்டு 'டிராக் 01', இரண்டாவது 'டிராக் 02'. காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால், என் அத்தனை சிடிக்கும் சேர்த்து ஒரே ஒரு 'டிராக் 01' இருந்தது. மற்ற முதல் பாட்டுகளை எல்லாம் வரிசையாக மிதித்து ஏறி வந்த வெற்றியாளன். போட்டுக் கேட்டேன். குழந்தைகளுக்கான ஆங்கில ரைம்.

நல்லவேளை, கட் செய்யாமல் காப்பிதான் செய்திருந்தேன். அது புத்திசாலித்தனம் என்று நினைக்க வேண்டாம். கட் எந்த பட்டன் என்று சட்டென்று ஞாபகம் வரவில்லை.

திரும்பவும் காப்பி. இந்த முறை 'பேக்கப்' கும்பலை ஒதுக்கிவிட்டு, ஃபோல்டர்களைக் கலைக்காமல் அப்படியே கொண்டுவந்தேன். பாட்டெல்லாம் வந்துவிட்டது. உண்மையிலேயே வந்துவிட்டது. கதை இங்கே முடிந்திருந்தால் நானும் இதை எழுதியிருக்க மாட்டேன்.

இனி பிளேலிஸ்ட். 'மழை', 'மழை 2', 'ராத்திரி பஸ்', 'அம்மாவுக்கு', 'ஃபேவரிட்', 'ஃபேவரிட் நியூ', 'ஃபேவரிட் ஃபைனல்' என்று வருஷக்கணக்காகச் சேர்த்தவை. பாட்டு யாரிடமும் கிடைக்கும். எதற்கு அடுத்து எது என்ற வரிசை என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று எனக்கொரு கர்வம். வின்ஆம்ப் பிளேயரிலிருந்து ஒவ்வொரு லிஸ்டாக சேவ் செய்து, டெஸ்க்டாப்பில் கண்ணில் படும்படி வைத்து, புது லேப்டாப்புக்குக் கொண்டுவந்து திறந்தேன். பாட்டுப் பெயர்கள் எல்லாம் அழகாக வரிசையில் வந்தன. 'மழை'யைத் தட்டினேன். முதல் பாட்டு ஓடவில்லை. இரண்டாவதும் ஓடவில்லை. கடைசிப் பாட்டு வரை ஒரு வினாடியில் தாவிப் போய் நின்றது. இவ்வளவு வேகமாகப் பெய்து ஓய்ந்த மழையை நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் அந்த ஃபைலை நோட்பேடில் திறந்து பார்த்தேன். எம்3யூ என்று பெயர். உள்ளே பாட்டு எதுவும் கிடையாது, வெறும் எழுத்து. இந்தப் பாட்டு டி டிரைவில், ஸாங்ஸ் ஃபோல்டரில், தமிழ் ஃபோல்டரில், இளையராஜா ஃபோல்டரில் என்று வரிக்கு ஒரு விலாசம். கல்யாணப் பத்திரிகை அனுப்ப எங்கள் அப்பா ஒரு அட்ரஸ் நோட்டு வைத்திருந்தார். அதில் இருந்த பாதிப் பேர் வீடு மாறிப் போயிருந்தார்கள். அந்த நோட்டுதான் பிளேலிஸ்ட். என் புது லேப்டாப்பில் டி டிரைவே கிடையாது. இருப்பது சி மட்டும்.

லிஸ்டை டெஸ்க்டாப்பில் வைக்காமல் பாட்டு இருந்த ஃபோல்டருக்குள்ளேயே வைத்திருந்தால், டிரைவ் எழுத்தே இல்லாமல் 'பக்கத்தில் இருக்கும் இந்த ஃபைல்' என்கிற மாதிரி எழுதிவிடலாம். ஃபோல்டர் எங்கே போனாலும் லிஸ்ட் கூடவே போகும். இதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். நான் தெரிந்துகொள்கிற எல்லாமே பின்னால்தான்.

இந்த இடத்தில் ரெக்கார்டிங் சென்டரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு முழுத்தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக்கொண்டு போய்க் கொடுப்போம். சிக்ஸ்டியா நைன்டியா என்று கேட்பார்கள். நைன்டி என்றால் பக்கத்துக்கு 45 நிமிஷம். சைடு ஏ கடைசியில் பாட்டு பாதியில் அறுபடக் கூடாது என்று கடைக்காரர் நம் வரிசையைக் கொஞ்சம் மாற்றுவார். இரண்டு பாட்டுக்கு இடம் மிஞ்சினால் அவரே ஏதாவது போட்டுத் தருவார். ஒரு வாரம் கழித்துப் போனால் அட்டையில் முத்து முத்தாக எழுதிய பெயர்களோடு கேசட் தயார். அது எந்த ஊருக்குப் போனாலும், எந்த டேப்ரெக்கார்டரில் போட்டாலும் வரிசை மாறாது.

அதில் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. எங்கள் ஊர்க் கடைக்காரர் இடம் நிரப்பப் போட்ட பாட்டுகள்தான் பின்னால் எனக்கு உயிராகிப் போயின. நான் எழுதிக் கொடுத்தவை இப்போது ஒன்றுகூட ஞாபகமில்லை. 'இளையராஜாவில் யாரும் கவனிக்காத பாட்டையெல்லாம் பிடித்து வைத்திருக்கிறார்' என்று நண்பர்கள் என்னைப் பாராட்டும்போது, நன்றி என்று சொல்லி வாங்கிக்கொள்கிறேன். பாராட்டு அவருக்குப் போக வேண்டியது.

விஷயத்துக்கு வருகிறேன். விலாசம்தானே தப்பு? நோட்பேடில் ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் இருக்கிறதே! 'டி:' என்பதை சி டிரைவின் புது இடமாக மாற்றினேன். 'ஸாங்ஸ்' என்பதை 'மியூசிக்' ஆக்கினேன், ஏனென்றால் புது லேப்டாப்பில் அந்த ஃபோல்டருக்கு அப்படித்தான் பெயர். ரீப்ளேஸ் ஆல். சேவ். எல்லா லிஸ்டுக்கும் இதே வைத்தியம்.

தமிழ்நாட்டில் எம்பி3 சேர்த்த எந்த மனிதரின் கம்ப்யூட்டரிலும் 'ஸாங்ஸ்' என்ற சொல் இல்லாத ஃபோல்டர் இருக்காது. இளையராஜா ஸாங்ஸ், ரெயின் ஸாங்ஸ், சோக ஸாங்ஸ், ஐயப்பன் ஸாங்ஸ். முதல் ஃபோல்டருக்கு மட்டும் நடக்க வேண்டிய பெயர்மாற்றம் பாதை நெடுக நடந்துவிட்டது. லிஸ்ட் இப்போது 'ஐயப்பன் மியூசிக்' என்று ஒரு ஃபோல்டரைத் தேடி அலைகிறது. அப்படி ஒன்று என்னிடம் மட்டுமல்ல, யாரிடமும் இருக்காது.

இதிலும் தப்பிப் பிழைத்த லிஸ்ட் ஒன்று உண்டு: 'அம்மாவுக்கு'. அதில் இருந்த ஃபைல்களுக்கு மட்டும் நான் தமிழிலேயே பெயர் வைத்திருந்தேன். மொழிப்பற்று. திறந்தால் வரிசையாகக் கேள்விக்குறிகள். எம்3யூ, எம்3யூ8 என்று இரண்டு விதமாக சேவ் செய்யலாம். எட்டு போட்டதில் யூனிகோட் நிற்கும், தமிழ் தங்கும். எட்டில்லாததில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாகிவிடும். நான் எட்டைப் பார்த்தேன். ஏதோ புது வெர்ஷன், வம்பு வேண்டாம் என்று ஒதுக்கினேன்.

விண்டோஸில் ஃபைல் பெயரில் கேள்விக்குறியே வைக்கக் கூடாது. இளையராஜா 1986இல் கொண்டுவந்த 'ஹவ் டு நேம் இட்?' ஆல்பத்தைக்கூடக் கேள்விக்குறியை எடுத்துவிட்டுத்தான் ஃபோல்டர் பெயராக வைக்க முடியும். ஆக, என் லிஸ்டில் இருந்தவை இந்தப் பூமியில் எந்த விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் இருக்கவே முடியாத பாட்டுகள். அம்மாவிடம், "பாட்டு வரலம்மா" என்றேன். "ரேடியோவப் போடு" என்றாள்.

லிஸ்ட் போனால் போகட்டும், பாடகர் வாரியாகத் தேடிக் கேட்கலாம் என்று புது பிளேயரில் நூலகத்தை ஏற்றினேன். என் வாழ்க்கையிலேயே அதிகம் பாடியவர்கள் யார் என்று அது காட்டியது. பாதிப் பேரின் பெயர் டாட் காமில் முடிந்தது. பாட்டை இறக்கிய சைட்டுகள் எல்லாம் பாடகர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தங்கள் பெயரைப் பச்சை குத்தி வைத்திருந்தன. இளையராஜாவோ பல பேராகப் பிரிந்து கிடந்தார். ஆங்கிலத்தில் எல் ஒன்றா இரண்டா, நடுவில் ஐ உண்டா, கடைசிக்கு முன்னால் ஏ ஒன்றா இரண்டா என்பதில் எங்களுக்குள் ஒருமித்த கருத்து கிடையாது. எங்களுக்குள் என்றால், எனக்கும் போன மாதத்து எனக்கும்.

இந்த விவரமெல்லாம் ஐடி3 டேக் என்ற ஒன்றில் இருக்கிறது. 1996இல் வந்தது. எம்பி3 ஃபைலின் வால் பக்கம் 128 பைட் இடம். பாட்டுப் பெயருக்கு 30 எழுத்து, பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30. என்ன வகைப் பாட்டு என்பதற்கு மட்டும் ஓர் எண். ஆதியில் 80 வகை வைத்தார்கள். அந்த 80இல் போல்கா உண்டு, கர்நாடக சங்கீதம் கிடையாது. பூஜ்யம் என்றால் ப்ளூஸ். அதாவது, யாராவது அந்த இடத்தைக் கவனிக்காமல் பூஜ்யமாக விட்டுவிட்டால் அது என்ன பாட்டாக இருந்தாலும் ப்ளூஸ். மகள் ஸ்கிரீனை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, பாட்டி ப்ளூஸ் கேக்கறாங்களா?" என்றாள். சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம் அந்த வகையில்தான் முதலாவதாக நின்றது.

ஒரு நன்மையும் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். எந்தப் பாட்டை எத்தனை தடவை கேட்டோம் என்று பழைய பிளேயர் ஒரு கணக்கு வைத்திருந்தது. 'அதிகம் கேட்டவை', 'கேட்கவே கேட்காதவை' என்று இரண்டு பட்டியல் தானாகவே அதில் வரும். நான் நாலு பேர் கூடுகிற இடத்தில் செம்மங்குடி, எம்.டி. ராமநாதன் என்று பேசுகிறவன். இருவரும் முழுசாக 'கேட்கவே கேட்காதவை'யில் இருந்தார்கள். 'அதிகம் கேட்டவை'யில் முதலிடம், 2008இல் 'காதலில் விழுந்தேன்' படத்தில் வந்த 'நாக்க முக்க'. இரண்டாம் இடம் அதற்குப் பக்கத்திலேயே வர முடியவில்லை.

இந்தக் கணக்கு பாட்டு ஃபைலுக்குள் இருப்பதில்லை. பிளேயர் தனியே வைத்திருக்கும் டேட்டாபேஸில் இருக்கும். அதைக் கொண்டுவர வேண்டும் என்று எனக்குத் தெரியாது. ஆகவே புது லேப்டாப்பில் எல்லாப் பாட்டும் பூஜ்யம். செம்மங்குடியும் நாக்க முக்கவும் சமம். இந்த மாற்றத்தில் பத்திரமாக மிஞ்சியது என் மானம் ஒன்றுதான். அதுவும் தெரியாமல் நடந்தது.

இவ்வளவும் ஆன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் அந்த எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கைத் தன் வேலைக்குச் செருகினாள். "அப்பா, இதை மாட்டினா டி டிரைவ்னுதானே வருது? இதுலயே ஸாங்ஸ் ஃபோல்டர் இருக்கு. உங்க லிஸ்ட்டை மாத்தாம அப்படியே விட்டிருந்தா இதுலேர்ந்தே ஓடியிருக்குமே?" ஓடியிருக்கும். ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் எல்லாம் நன்றாக நடந்திருக்கும். அதற்கு ஒன்றும் செய்யாமல் இருக்கத் தெரிய வேண்டும்.

மாற்றாத லிஸ்டுகள் பழைய கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பில் இன்னும் இருக்கும் என்று அப்போதுதான் பளிச்சென்று தோன்றியது. பழைய கம்ப்யூட்டரை, பாட்டெல்லாம் வந்துவிட்டது என்ற தைரியத்தில், தங்கை மகனுக்குக் கொடுத்துவிட்டிருந்தேன். உடனே போன் போட்டேன்.

"அதுவா மாமா? ரொம்ப ஸ்லோவா இருந்துச்சு, ஃபார்மேட் பண்ணிட்டேன்."

"டெஸ்க்டாப்புல லிஸ்ட் இருந்துச்சேடா?"

"பாட்டு லிஸ்ட்டா? ஆமா மாமா, 'மழை'ன்னு என்னமோ. பாட்டுதான் போன்லயே வருதே மாமா, எதுக்கு லிஸ்ட்டு?"

அவனைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. 'மழை'யை ஞாபகத்திலிருந்து திரும்பக் கட்டிப் பார்க்க உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் கர்வப்பட்ட அந்த வரிசையில், முதல் பாட்டுக்கு அடுத்தது எது என்று எனக்கே தெரியவில்லை. நாலு வாரம் ஓடும் பாட்டு லேப்டாப்பில் இருக்கிறது. கேட்பதற்கு உட்கார்ந்தால், ஐடி3 டேக்கில் இளையராஜாவுக்கு ஏ ஒன்றா இரண்டா என்று திருத்த ஆரம்பித்துவிடுகிறேன்.

புது கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லிஸ்டை சேவ் செய்யும்போது எட்டு போட்டதில் செய்யுங்கள். பாட்டு ஃபோல்டருக்குள்ளேயே வையுங்கள். ரீப்ளேஸ் ஆல் பக்கம் போகாதீர்கள். பழையதைக் கொஞ்ச நாளைக்குப் பரண்மேல் போட்டு வையுங்கள், தங்கை மகன் எவ்வளவு பிரியமாகக் கேட்டாலும் சரி.